பதினைந்து சென்ட் பர்கர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் பெர்னார்டினோ என்று ஓர் ஊர். 1948-ம் வருஷம் அங்கே நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சாப்பாட்டுக் கடையை அதன் முதலாளிகள் திடீரென்று இழுத்து மூடினார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர். மாரிஸ், ரிச்சர்ட். குடும்பப் பெயர், மெக்டொனால்டு.

நஷ்டமா என்றால் இல்லை. கல்லா நிறைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சகோதரர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். மெனுவில் இருபத்தைந்து அயிட்டம். விற்பதில் பெரும்பகுதி ஹாம்பர்கர் மட்டும்தான். அப்புறம் எதற்கு மற்றதெல்லாம்? ஒன்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கார் அருகிலேயே வந்து பரிமாறிய பெண்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தட்டு, கத்தி, முள்கரண்டி எதுவும் கிடையாது. காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பது. கழுவ ஆள் வேண்டாம். உடைந்த தட்டுக்குக் கணக்கு எழுத வேண்டாம். சமையலறை, கார் தொழிற்சாலை மாதிரி ஆனது. கறியைச் சுட ஒருவர், சாஸ் தடவ ஒருவர், பொட்டலம் கட்ட ஒருவர்.

பலன்? முப்பது சென்ட் பர்கர், பதினைந்து சென்ட். சரி பாதி.

ஓட்டலில் குடும்பத்தோடு சாப்பிடுவதைக் கனவில்கூட நினைக்காத தொழிலாளிகள் பிள்ளை குட்டிகளோடு வந்து ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றார்கள். இதைக் கவனியுங்கள். இன்றைக்கு நாம் திட்டித் தீர்க்கிற ஃபாஸ்ட் ஃபுட், பிறந்தபோது ஏழைக்கும் எட்டிய சாப்பாடாகத்தான் பிறந்தது. மில்க் ஷேக் மெஷின் விற்கிற ரே கிராக் 1954-ல் இந்தக் கடையைப் பார்த்து அசந்துபோனதும், 1961-ல் சகோதரர்களுக்கு 27 லட்சம் டாலர் கொடுத்து மொத்தமாக வாங்கியதும் ஊரறிந்த கதை. நமக்கு வேண்டியது வேறு கதை.

சான் பெர்னார்டினோவுக்கு மேற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் லாஸ் ஏஞ்சல்ஸ். அதன் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்கள் நெருக்கமாக வசித்தார்கள். பின்னாளில் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1965 ஆகஸ்டில் அங்குள்ள வாட்ஸ் என்கிற இடத்தில் கலவரம். ஆறு நாளில் 34 பேர் செத்தார்கள். கடைகள் எரிந்தன.

அந்தக் காலகட்டத்தில் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகள் வசதியானவர்களின் பின்னாலேயே புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தன. வியாபாரக் கணக்கு அப்படி. நூறு டாலருக்குக் காய்கறி, மளிகை விற்றால் கையில் நிற்பது ஒன்றிரண்டு டாலர். கீரை இரண்டு நாளில் வாடும். தக்காளி அழுகும். இடமோ ஏக்கர் கணக்கில் வேண்டும். பர்கர் கடைக்கு இந்தத் தலைவலி குறைவு. சின்ன இடம், ஒரு ஃப்ரீஸர். போதும்.

1968-ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். நகரங்கள் மறுபடி பற்றி எரிந்தன. கறுப்பினத்தவரை முதலாளி ஆக்குவோம் என்றது அரசு. சிறு தொழில் கடன் கொடுத்தது. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, ஃபாஸ்ட் ஃபுட் கிளைகள். அதே வருஷம் டிசம்பரில் சிகாகோவில் ஹெர்மன் பெட்டி என்பவர் மெக்டொனால்டின் முதல் கறுப்பின உரிமையாளர் ஆனார். மார்சியா சாட்லேன் இந்த வரலாற்றை 2020-ல் புத்தகமாக எழுதினார். அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆக, ஏழைப் பேட்டைக்குள் பர்கர் தானாக நுழையவில்லை. கடன் கொடுத்து அழைத்து வந்தார்கள். காய்கறிக் கடையை அப்படி யாரும் அழைக்கவில்லை.

1992-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடியும் பெரிய கலவரம். அறுபதுக்கும் மேல் சாவு. இந்த முறை சூப்பர் மார்க்கெட் நிறுவனங்கள் வாக்குறுதிகளை அள்ளி வீசின. திறந்தவை கொஞ்சம். அதிலும் சில, பின்னால் மூடிக்கொண்டன.

சர்க்கரை வியாதியும் உடல் பருமனும் ஏறிக்கொண்டே போக, 2008 ஜூலையில் நகர மன்றம் ஒரு முடிவெடுத்தது. தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இனி புதிதாகத் தனி ஃபாஸ்ட் ஃபுட் கடை திறக்கக்கூடாது. அமெரிக்காவே திரும்பிப் பார்த்தது.

பருமன் குறைந்ததா? ம்ஹும். ராண்ட் ஆராய்ச்சி நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 2012 வரையிலான கணக்கு, நகரின் மற்ற பகுதிகளைவிட இங்கே பருமன் அதிகமாக ஏறியிருப்பதைக் காட்டியது. காரணம் சிம்பிள். ஏற்கெனவே இருந்த கடைகளைச் சட்டம் தொடவில்லை. ஷாப்பிங் சென்டருக்குள் திறக்கலாம். மூலைக்கு மூலை இருந்த பெட்டிக்கடைகளில் சிப்ஸும் சோடாவும் தாராளமாகக் கிடைத்தன. கெட்டதைத் தடுத்தார்கள், சரி. நல்லது எங்கே?

2010-ல் அதே பகுதியைச் சேர்ந்த ரான் ஃபின்லி, தன் வீட்டு வாசலில் நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த துண்டு நிலத்தில் காய்கறி போட்டார். நகராட்சி நோட்டீஸ் அனுப்பியது, அனுமதியில்லாமல் விளைவித்த குற்றத்துக்கு! மக்கள் கையெழுத்து வேட்டையில் இறங்கிய பிறகுதான் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள்.

தட்டில் பாதி காய், பழம், அப்புறம் தானியம், கொஞ்சம் பருப்போ முட்டையோ. சமச்சீர் உணவு என்று டாக்டர் சொல்வது இவ்வளவுதான். சொல்வது சுலபம். இரண்டு வேலை பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்புகிற பெண்ணுக்குக் காய்கறிக் கடை இரண்டு பஸ் தள்ளி இருக்கிறது. பர்கர் வீட்டு வாசலில். அவருக்கு மன உறுதி போதவில்லை என்று நாம் எப்படிச் சொல்வது?

கலிபோர்னியாவில் 2009-ல் மார்க்கெட் மேட்ச் என்றொரு திட்டம் தொடங்கினார்கள். அரசு உணவு உதவி பெறுகிறவர் உழவர் சந்தைக்குப் போய் அந்த உதவித் தொகையிலிருந்து பத்து டாலர் செலவழித்தால், காய், பழம் வாங்க இன்னொரு பத்து டாலர் சேர்த்துக் கொடுப்பார்கள். ஓர் உச்சவரம்பு உண்டு. வாங்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால், காய்கறி பாதி விலை.

1948-ல் சகோதரர்கள் பர்கருக்குச் செய்த அதே கணக்கு. கத்தரிக்காய்க்கு வந்து சேர அறுபத்தோரு வருஷம் ஆகியிருக்கிறது.