"பரையா": ஓர் ஆங்கிலச் சொல்லின் தமிழ்க் கதை

ஜி.ஆர்.இ., கேட் மாதிரியான தேர்வுகளுக்குத் தயாராகும் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஆங்கில வார்த்தைகளில் "பரையா" என்பதும் ஒன்று. பெயர்ச்சொல். சமூகத்தால் ஒதுக்கி வைக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர் என்று பொருள். உலக நாடுகள் தள்ளி வைத்த நாட்டை "பரையா ஸ்டேட்" என்பார்கள். நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் தென்னாப்பிரிக்காவை அப்படித்தான் எழுதினார்கள். 2019-இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் விவாதத்தில் பேசிய ஜோ பைடன், சவூதி அரேபியாவை "பரையா" ஆக்கப்போவதாகச் சொன்னார்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? கிரேக்கமும் இல்லை, லத்தீனும் இல்லை. தமிழ்தான். "பறையர்" என்ற சாதிப் பெயர்தான் ஆங்கிலத்தில் "பரையா" ஆகியிருக்கிறது.

பறை என்றால் தோல் இசைக்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் அன்றாடப் பேச்சில் உள்ள சொல் இது. பறை என்ற கருவியிலிருந்தே பறையர் என்ற பெயர் வந்தது என்று கால்டுவெல் எழுதினார். புறநானூற்றின் 335-ஆம் பாடல் சிறந்த குடிகள் நான்கைச் சொல்கிறது. அதில் பறையனும் ஒன்று. ஆக, வேர்ச்சொல்லில் "ஒதுக்கப்பட்டவன்" என்ற பொருளே கிடையாது!

அப்படியானால் அந்தப் பொருள் எப்படி ஒட்டிக்கொண்டது?

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1613 முதல் காணப்படுகிறது. அப்போது அது ஒரு சாதியின் பெயர் மட்டுமே. தமிழகத்துக்கு வந்த ஐரோப்பியர்கள் கண்ணில் பட்டது ஊரும் சேரியும் தனித்தனியாக இருந்த நிலை. கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, கோயிலுக்குள் நுழையக் கூடாது என்ற கட்டுப்பாடுகள். மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையையே அவர்களுடைய பெயருக்குப் பொருளாக எழுதிக்கொண்டார்கள். 1791-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டின் தெ சேன்-பியேர் எழுதிய கதையில் ஒரு "பரையா" நாயகனாக வந்தார். 1819 வாக்கில் ஆங்கிலத்தில் எந்த நாட்டு மனிதரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. தெருநாய்க்குக் கூட "பரையா டாக்" என்று பெயர் வைத்தார்கள்.

சொல் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெயருக்கு உரியவர்கள் என்ன செய்தார்கள்? இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் "பறையன்" என்றே தன் பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து சொல்வது அவர் வழி. எம்.சி. ராஜா வேறு வழியில் போனார். அவர் சென்னை சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால் 1922-இல் அரசு ஆவணங்களில் பழைய பெயருக்குப் பதிலாக "ஆதி திராவிடர்" வந்தது.

பெயர் மாறினாலும் கதவு திறக்கவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயில் கதவு 1939 ஜூலை 8 அன்றுதான் திறந்தது. மேலூர் அருகே உள்ள தும்பைப்பட்டியைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களை அ. வைத்தியநாதய்யர் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அதுவரை அனுமதி மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தவரும் அந்தக் குழுவில் இருந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. நுழைந்தவர்களுக்கும் உதவியவர்களுக்கும் பாதுகாப்பாக அதே ஆண்டு இராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்தது. கக்கன் பின்னாளில் மாநிலத்தின் உள்துறை அமைச்சரானார்.

கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. அதே மேலூர் வட்டாரத்தில் உள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அதில் வென்ற முருகேசன் உட்பட 6 பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அகராதி தரும் "ஒதுக்கப்பட்டவர்" என்ற பொருளுக்குப் பின்னால் இவ்வளவு ரத்தம் இருக்கிறது.

இன்னொரு விந்தையையும் கவனிக்க வேண்டும். மதுரைத் தெருவில் நாலு பேர் முன்னால் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015-இல் வந்த திருத்தம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அதே சாதிப் பெயரை வசைப்பொருளில் லண்டன் பத்திரிகை எழுதினால் அது நல்ல ஆங்கிலம்!

ஆகவே படிக்கும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. தேர்வில் வந்தால் "பரையா"வின் பொருள் தெரிந்திருக்கட்டும். சொந்தமாக எழுதும்போது அது தேவையில்லை. மாற்றுச் சொற்கள் இருக்கின்றன. "அவுட்காஸ்ட்" என்றால் வெளியே தள்ளப்பட்டவர். கடைசியில் "இ" சேர்த்து எழுதினால்தான் அது சாதியைக் குறிக்கும் வேறு சொல்லாகிவிடும். வினைச்சொல் வேண்டுமானால் "ஆஸ்ட்ரசைஸ்". பழைய ஏதென்ஸில் யாரை நாடு கடத்துவது என்று பானை ஓட்டில் பெயர் எழுதி வாக்களித்தார்கள். அந்த ஓட்டின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்த சொல் அது.

ஒதுக்கப்பட்டவர் என்று சொல்ல ஆங்கிலத்தில் இத்தனை வார்த்தைகள் இருக்கும்போது, வாழும் மனிதர்களின் பெயர் எதற்கு?