பிஎச்பி மொழியில் பொருள்நோக்கு நிரலாக்கம்

பொருள்நோக்கு நிரலாக்கம் என்பது தரவையும் அதன்மீது இயங்கும் செயற்கூறுகளையும் ஒரே அலகாகப் பிணைத்து நிரல் எழுதும் முறையாகும். அந்த அலகு பொருள் எனப்படும். ஒரே அமைப்புடைய பொருள்களை ஆக்குவதற்கான வரையறை இனக்குழு எனப்படும். 1960களில் நார்வேயில் சிமுலா மொழியோடு தோன்றிய இம்முறை, வலை நிரலாக்கத்தில் நிலைபெறச் சற்றுக் காலம் பிடித்தது என்பதைப் பிஎச்பி மொழியின் வளர்ச்சி காட்டுகிறது.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பி, வலைப்பக்கம் அமைப்போருக்கான சிறு கருவிகளின் தொகுப்பாகவே இருந்தது. 1998இல் வந்த மூன்றாம் பதிப்பில் இனக்குழு இடம்பெற்றதாயினும், நான்காம் பதிப்பிலும்கூட, நிரலர் தனியே குறிப்பிட்டாலன்றி, ஒரு செயற்கூறுக்கு அனுப்பப்படும் பொருளின் நகலே அங்குச் சென்றதால், உள்ளே செய்த மாற்றம் மூலப் பொருளைச் சேரவில்லை. 2004 ஜூலையில் வெளியான ஐந்தாம் பதிப்பே இக்குறையை நீக்கி, பொருளின் உட்தரவை வெளியிலிருந்து தொடவிடாது காக்கும் உறைபொதியாக்கத்தையும், ஓர் இனக்குழு எச்செயற்கூறுகளைக் கொண்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் விதிக்கும் இடைமுகத்தையும் மொழிக்குள் கொணர்ந்தது.

பாடநூல்கள், ஓர் இனக்குழுவின் கூறுகளை இன்னோர் இனக்குழு பெறும் மரபுரிமத்தையே இம்முறையின் சிறப்பாக முன்னிறுத்துவது வழக்கம். வலையில் நிலைமை வேறு. வழக்கமான பிஎச்பி இயக்கத்தில் உலாவியின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொருள்கள் புதிதாகப் பிறந்து, விடை அனுப்பப்பட்டதும் அழிந்துவிடுவதால், அவற்றின் பயன் நெடுங்கால நினைவில் இல்லை. அது நிரலின் பகுதிகளுக்கிடையே எல்லை வகுப்பதிலேயே இருக்கிறது. 2005இல் 5.1 பதிப்புடன் சேர்ந்த பிடிஓ இதற்குத் தக்க சான்று. தரவுத்தளத் தொடர்பை ஒரு பொருளுக்குள் அடக்கும் இந்நீட்சியால், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகிய இரு தரவுத்தளங்களையும் ஒரே செயற்கூறுகளால் அணுகலாம். எனினும் வினவல் மொழியில் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுகளை அது போக்குவதில்லை.

இடைமுகத்தின் முழுப்பயன் பலர் எழுதிய நிரல்களை ஒன்றுசேர்க்கும்போதே வெளிப்பட்டது. பதிவுக்குறிப்பு எழுதுவதற்கான பிஎஸ்ஆர்-3 என்னும் பொது இடைமுகத்தை ஏற்கும் எந்த நூலகத்தையும், அழைக்கும் நிரலைத் திருத்தாமல், இன்னொன்றின் இடத்தில் வைக்கலாம். 2012இல் வந்த கம்போசர் என்னும் நிறுவு கருவி இத்தகைய நூலகங்களை இறக்கிச் சேர்ப்பதை எளிதாக்கியது. சிம்ஃபனி என்னும் வலைச் சட்டகத்தின் கூறுகள் பலவற்றை லாராவெல் என்னும் இன்னொரு சட்டகம் தன்னுள் கொண்டிருப்பதும் இவ்வழியிலேதான்.

இம்முறைக்கு விலையும் உண்டு. டிரூபல் என்னும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளின் எட்டாம் பதிப்பு, சிம்ஃபனி கூறுகளின்மேல் பொருள்நோக்கு முறையில் திருத்தி அமைக்கப்பட்டு, 2015 நவம்பரில் வெளிவந்தது. பழைய செயற்கூறு நடையில் பழகியவர்களுக்கு இம்மாற்றம் உருவாக்கக் கட்டத்திலேயே பெருஞ்சுமையாகத் தோன்றவே, அவர்களுள் ஒரு சாரார் டிரூபலிலிருந்து கிளைத்து பேக்டிராப் என்னும் தனி மென்பொருளை அதே ஆண்டின் ஜனவரியிலேயே வெளியிட்டிருந்தனர். அதே வகை மென்பொருளான வேர்ட்பிரஸோ, தன் இனக்குழுக்களோடு பொதுச் செயற்கூறுகளையும், பிற நிரல்கள் வந்து இணைவதற்கான கொக்கிகளையும் இன்றும் பெரிதும் நம்பியிருக்கிறது.