கொடுமணல் ஈமக்காடு

கொடுமணல் ஈமக்காடு, ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில் நொய்யலாற்றின் வடகரையில் உள்ள பெருங்கற்காலப் புதைவிடம். தாராபுரத்துக்கு வடக்கே, காங்கேயம் தாண்டி, சென்னிமலைக்கு மேற்கே அமைந்துள்ளது. சங்ககாலத் தொழில்நகரமான கொடுமணத்து மக்கள் தம் இறந்தோரை இங்கே அடக்கம் செய்தனர். பதிற்றுப்பத்தில் கபிலரும் (67) அரிசில்கிழாரும் (74) பாடும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர் முடிவு.

சேரர் தலைநகரான கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறிக்குச் சென்ற கொங்கப் பெருவழியில் இவ்வூர் இருந்தது. இரும்பு உருக்குதல், மணிகள் அறுத்து மெருகேற்றுதல், சங்கு அறுத்தல், நூல் நூற்றல் ஆகிய தொழில்கள் இங்கே நடந்தன. பின்னலாடைக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில் தக்களி அன்றே சுழன்றிருக்கிறது. மணி செய்யப் பயன்பட்ட பச்சைக்கல் காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்தது.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. எ. சுப்பராயலுவும் கா. ராஜனும் அதில் முதன்மைப் பங்காற்றினர். 2012, 2013-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், பின்னர் தமிழ்நாடு தொல்லியல் துறையும் ஆய்வைத் தொடர்ந்தன. 2020 அகழாய்வின்போது சுமார் 250 கல்வட்டங்கள் கணக்கிடப்பட்டன.

கல்வட்டத்துக்குள் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, ஒன்றையொன்று தாங்கும்படி கோத்துக் கற்பதுக்கை அமைத்தார்கள். மேலே மூடுகல். பக்கப் பலகையில் இடுதுளை. சிலவற்றில் அறைகள் இரண்டு, மூன்று. உள்ளும் வெளியும் கறுப்பு சிவப்புக் கலங்கள், நான்கு கால் சாடிகள், இரும்பு வாள்கள். 2020-இல் திறக்கப்பட்ட மூன்றறைக் குழி ஒன்றில், வழக்கமான மூன்று நான்கு கலங்களுக்குப் பதிலாகப் பத்துக் கலங்கள் இருந்தன. சுற்றிலும் நின்ற பாறைகளும் பெரியவை. ஊர்த்தலைவர் ஒருவருக்கு உரியதாக இருக்கலாம் என்றார்கள் அகழாய்வாளர்கள்.

வாழ்விடத்திலிருந்து வேறுபடுவதில்தான் ஈமக்காட்டின் மதிப்பு இருக்கிறது. வாழ்விடத்தில் கிடைப்பவை பெரும்பாலும் உடைசல்கள், வேலை பாதியில் நின்ற மணிகள், கசடு. முழுமையான பொருளைக் காண இடுகாட்டுக்குத்தான் வரவேண்டும். ஒரே குழியில் 2,200-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளத்தின் மூலக்கல் குஜராத்திலிருந்து வந்தது. அத்தனை தொலைவிலிருந்து வரவழைத்து, துளையிட்டு, மெருகேற்றிய சரக்கை விற்காமல் மண்ணுக்குள் வைத்தவர்கள், வணிகத்தைவிட மேலானதாக இறந்தவருக்குச் செய்யும் கடனைக் கருதினார்கள் என்றே கொள்ள வேண்டும். சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த வெண்கலப் புலியும் இந்த ஈமக்காடு தந்ததே.

தொலைதூர வணிகத் தொடர்புக்கு வாழ்விடத்துப் பானையோடுகள் துணைச்சான்று. ஆதன், கண்ணன், சுமணன் முதலிய பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் அவற்றில் கீறப்பட்டுள்ளன. வணிகக் குழுவைச் சுட்டும் ‘நிகம’ என்ற சொல்லும் உண்டு. பிராகிருதச் சாயல் கொண்ட பெயர்களைப் பார்த்தால், வெளியூரிலிருந்து தொழிலுக்காக வந்து தங்கியவர்களும் இங்கே இருந்தது புலப்படுகிறது.

கொங்கு நாட்டில் இத்தகைய பதுக்கைகளைப் பாண்டியன் குழி என்பார்கள். புதையல் தேடித் தோண்டியதிலும், நிலம் திருத்தியதிலும், கல் எடுத்ததிலும் இப்பகுதியின் கல்வட்டங்கள் பல அழிந்தன. எஞ்சியவை மேய்ச்சல் காட்டிலும் வயல் ஓரங்களிலும் நிற்கின்றன. அருகில் 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, ஆற்றங்கரை வேளாண்மையைக் கெடுத்தது. ஆற்றைக் காக்கக் குரல் எழுந்த அளவுக்கு ஈமக்காட்டுக்கு எழவில்லை. தனியார் நிலங்களில் உள்ள கல்வட்டங்களை அளந்து எல்லையிட்டு, உரிய இழப்பீடு தந்து கையகப்படுத்துவது அவசரத் தேவை.