கார் யாருடைய பக்கம்?

ஒரு காரின் முன்னால் நின்று பாருங்கள். இரண்டு விளக்குகள், இரண்டு கண்ணாடிகள், நடுவில் நிறுவனத்தின் சின்னம். நடுவே கோடு போட்டு மடித்தால் இரண்டு பாதியும் பொருந்திவிடும் போல இருக்கும். இதைத்தான் சமச்சீர் என்கிறோம்.

கதவைத் திறந்தால் கதை மாறிவிடும். ஸ்டியரிங் ஒரு பக்கம். வெளியே சுற்றிப் பார்த்தால் பெற்றோல் மூடியும் ஒரு பக்கம்தான். சாரதி ஒரு பக்கத்தில் இருப்பதால், காரும் உள்ளுக்குள் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்த பொருள்தான். அந்தச் சாய்வைச் சில வடிவமைப்பாளர்கள் மறைக்காமல் வெளியிலும் காட்டினார்கள். யாருக்காகக் காட்டினார்கள் என்பது எங்களுக்கு முக்கியமான கேள்வி. ஏனென்றால் ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் வீதியின் வலது பக்கம் ஓடுகிறான். லண்டனில் இருக்கும் மச்சாள் இடது பக்கம் ஓடுகிறாள்.

1908 இல் வந்த ஃபோர்ட் மொடல் ரி காரிலிருந்து தொடங்குவோம். அந்தக் காலத்தில் பல அமெரிக்கக் கார்களுக்கு ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தது. ஃபோர்ட் அதை இடது பக்கம் வைத்தது. அமெரிக்காவில் செய்த திறந்த மொடல் ரி கார்களில் பல ஆண்டுகளாகச் சாரதியின் பக்கம் முன்கதவே இல்லை. கதவு மாதிரி ஒரு கோடு மட்டும் தகட்டில் அழுத்தப்பட்டிருக்கும். கைப்பிறேக் அந்தப் பக்கம் இருந்தது; சாரதி நடைபாதைப் பக்கத்தால் ஏறினால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் கனடாவில் செய்த அதே காரில் இரண்டு முன்கதவுகளும் திறந்தன. காரணம் ஏற்றுமதி. கனடா ஃபோர்ட் நிறுவனம்தான் இந்தியா, மலாயா, அவுஸ்திரேலியா போன்ற பிரித்தானியப் பேரரசின் நாடுகளுக்குக் கார் அனுப்பியது. அங்கெல்லாம் வாகனம் இடது பக்கம் ஓடும், ஸ்டியரிங் வலது பக்கம் வேண்டும். ஒரே உடல் இரண்டு வகைக்கும் பொருந்த வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கதவு வேண்டும். தூரத்து நாட்டுச் சாரதியை யோசித்ததால் கனடாக்காரருக்கும் ஒரு கதவு கிடைத்தது.

அடுத்தது ஓட்டப் பந்தயம். 1954 இல் ஜாகுவார் டி-டைப் வந்தது. அதை வரைந்த மல்கம் சேயர் முன்பு விமான நிறுவனத்தில் வேலை செய்தவர். சாரதியின் தலைக்குப் பின்னால், ஒரு பக்கத்தில் மட்டும், மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு எழும்பி நின்றது. பிரான்சின் லு மான் பந்தயப் பாதையில் சுமார் 6 கிலோமீற்றர் நீளமான நேர் வீதி இருந்தது. அங்கே மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் போகும்போது கார் நிலை தடுமாறாமல் இருக்க அந்தத் துடுப்பு உதவியது. 1955, 1956, 1957 என்று மூன்று ஆண்டுகளும் டி-டைப் அங்கே வென்றது.

1960 இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் வேர்ஜில் எக்ஸ்னர் இதே மாதிரி ஒரு துடுப்போடு பிளிமத் எக்ஸ்-என்-ஆர் என்ற காரை வரைந்தார். தன் பெயரின் ஒலியையே காருக்கு வைத்துவிட்டார்! பொனற்றின் மேடும் பின்துடுப்பும் சாரதியின் பக்கம் மட்டுமே ஓடின. இத்தாலியின் ரூரின் நகரில் கியா நிறுவனம் ஒரே ஒரு காரைச் செய்தது. பார்க்க அழகு, ஆனால் கடைக்கு வரவே இல்லை.

கடைக்கு வந்த சமச்சீரற்ற கார்களில் எனக்குப் பிடித்தது நிசான் கியூப். 2002 இல் ஜப்பானில் வந்த கியூபின் பின்கண்ணாடி இடது பக்கம் மட்டும் மூலையைச் சுற்றி வளைந்து போகும். வலது பக்க மூலை தடித்த தகடு. சாரதி வலது பக்கம் இருப்பதால், அவருக்குத் தெரியாமல் மறையும் மூலை இடது பின்மூலைதான். அந்த மூலையை நிசான் கண்ணாடியாக்கியது. பிறகு அமெரிக்காவுக்கு கியூப் போனபோது முழுப் பின்பக்கத்தையும் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி மாற்றிச் செய்தார்கள். ஹூண்டாய் வெலொஸ்ரரும் (2011) அப்படித்தான். சாரதியின் பக்கம் ஒரு கதவு, மறுபக்கம் இரண்டு. அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் போன கார்களில் பக்கம் மாறியது. எந்த நாட்டிலும் பின்னால் இருப்பவர் நடைபாதையில்தான் இறங்குவார்.

இப்போது 2007 இல் வந்த மினி கிளப்மன். பின்னிருக்கைக்கு ஒரு சிறிய கதவு, வலது பக்கம் மட்டும். ஜெர்மனியிலும் கனடாவிலும் அது நடைபாதையைப் பார்த்துத் திறக்கும். பிரித்தானியாவில்? ஓடிக்கொண்டிருக்கும் வாகனங்களைப் பார்த்துத் திறக்கும். அவுஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் அதே நிலைதான். பெற்றோல் நிரப்பும் குழாய் இடது பக்கம் இருந்தது. கதவை அங்கே கொண்டுபோனால் அதையும் இடம் மாற்ற வேண்டும், செலவு கூடும். அதனால் மாற்றவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காரைச் செய்த தொழிற்சாலை இருப்பது இங்கிலாந்தின் ஒக்ஸ்ஃபோர்டில்! பிரித்தானியாவில் இதைப் பலர் குறை சொன்னார்கள். 2015 இல் வந்த அடுத்த கிளப்மனுக்கு இரண்டு பக்கமும் வழக்கமான கதவுகள் வைத்தார்கள்.

காரணம் போன பிறகும் சாய்வு மட்டும் மிஞ்சுவதும் உண்டு. 2004 இன் லான்ட் ரோவர் டிஸ்கவரி 3 காரில் பின்கதவு ஒரு பக்கம் தாழ்ந்து வெட்டப்பட்டிருந்தது. இலக்கத் தகடும் நடுவில் இல்லாமல் ஒதுங்கி இருந்தது. 2017 இன் டிஸ்கவரியில் அந்த வெட்டு இல்லை, ஆனால் இலக்கத் தகடு மட்டும் ஒதுங்கியே நின்றது. பலருக்கு அது பிடிக்கவில்லை. தகட்டை நடுவுக்குக் கொண்டுவரும் பாகங்களைக்கூடச் சிலர் தயாரித்து விற்றார்கள்.

ஆகவே, சமச்சீர் இல்லாத காரைப் பார்த்தால் அழகா, அசிங்கமா என்று மட்டும் கேட்காதீர்கள். அது எந்த வீதியில் நிற்பவரை நினைத்து வரையப்பட்டது என்று கேளுங்கள். லண்டன் தெருவில் பழைய கிளப்மன் ஒன்று நின்றால் அதன் சின்னக் கதவைப் பாருங்கள். ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடமும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு படத்திலும் கதவு அதே இடத்தில்தான் இருக்கும். பின்னிருக்கையிலிருந்து இறங்கும் பிள்ளை கால் வைக்கும் இடம்தான் வேறு.