கிரீன்ஸ்பர்க் பள்ளி மாவட்டம்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், கோதுமை வயல்கள் சூழ்ந்த கையோவா கவுண்டியிலுள்ள சிறு கிராமப்புறப் பள்ளி மாவட்டம், எண் 422. 2007 மே 4 இரவு வீசிய டொர்னாடோ சுழற்காற்று கிரீன்ஸ்பர்க் ஊரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை அழித்தது. பள்ளிக் கட்டடங்களும் தப்பவில்லை. ஆனாலும் அந்த ஆகஸ்டிலேயே தற்காலிக டிரெய்லர் அறைகளில் பாடம் தொடங்கியது. பிள்ளைகள் வேறிடத்தில் சேர்ந்துவிட்டால் குடும்பங்கள் திரும்புவது அரிது. ஆகவே ஊர் மீண்டெழுந்ததில், தாமதமின்றிப் பள்ளியைத் தொடங்கிய முடிவின் பங்கு பெரியது. மழலையர் முதல் 12ஆம் வகுப்புவரை ஒரே கூரையின்கீழ் அமைந்த புதிய பள்ளி 2010இல் திறக்கப்பட்டது. பகல் வெளிச்சம் நிறையும் வகுப்பறைகள், புவிவெப்ப அமைப்பு, வளாகத்திலேயே சுழலும் காற்றாலை ஆகியவை கொண்ட இக்கட்டடம் பசுமைக் கட்டடங்களுக்கான உயரிய லீட் பிளாட்டினம் சான்று பெற்றது.