டீ பிரேக்குக்கு சம்பளம் உண்டா?

போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு மெயில் வந்தது. இனிமே ஆக்சஸ் கார்டைத் தேய்ச்சுட்டு வெளியே இருக்கிற நேரம் முழுக்க ஒன்பது மணி நேரக் கணக்குல கழிக்கப்படுமாம். சாப்பாட்டு நேரத்தைக் கழிக்கட்டும், அது நியாயம். கீழே பெட்டிக்கடையில பத்து நிமிஷம் நின்னு ஒரு டீ குடிச்சுட்டு வந்தா அதுக்கும் கழிவு! "டீ குடிக்கிறது உன் சொந்த வேலைதானே?" என்றார் மேனேஜர். எனக்கு சட்டுனு பதில் வரலை.

அன்னிக்கு ராத்திரி சும்மா தேடினப்போதான் தெரிஞ்சது. இதே கேள்வியை எழுபது வருஷம் முன்னாடியே ஒரு கோர்ட் அலசிக் காயப் போட்டிருக்கு. அந்தக் கதைதான் இது.

இடம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டென்வர். அங்கே லாஸ் விக்வாம் வீவர்ஸ் என்று ஒரு சின்ன நெசவுக் கம்பெனி. முதலாளி பெயர் பில் கிரைனெட்ஸ். கழுத்தில் கட்டும் டை நெய்வதுதான் தொழில். இரண்டாம் உலகப் போர் வந்ததும் தறி ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள் போர் சம்பந்தப்பட்ட வேலைகளுக்குப் போய்விட்டார்கள். வயதான ஆண்களை வைத்துப் பார்த்தார். நுணுக்கமான டிசைனுக்கு அவர்கள் கை ஒத்துவரவில்லை. அடுத்து நடுத்தர வயதுப் பெண்கள். அவர்களுக்கு வேலை நன்றாகவே வந்தது. ஆனால் முழு ஷிப்ட் தாக்குப்பிடிக்க முடியாமல் சோர்ந்துபோனார்கள்.

கிரைனெட்ஸ் எல்லாரையும் கூப்பிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டார். (இந்த ஒரு விஷயத்துக்காக ஆளைப் பாராட்டணும்.) ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தலா 15 நிமிஷம் ஓய்வு கொடுங்க, காப்பியோ டீயோ குடிக்கிறோம் என்றார்கள் பெண்கள். கொடுத்தார். உற்பத்தி ஏறியது, தரமும் கூடியது. மனுஷனுக்கு ஏக சந்தோஷம். உடனே ஓய்வை எல்லாருக்கும் கட்டாயமாக்கிவிட்டார்!

இங்கேதான் ட்விஸ்ட். அந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. கட்டாயமா ஓய்வு எடுக்கணும், ஆனா காசு வராது. எட்டு மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டால் சம்பளத்தில் பதினாறில் ஒரு பங்கு போச்சு.

அமெரிக்கத் தொழிலாளர் துறை விடவில்லை. 1938ல் வந்த நியாயமான தொழிலாளர் தரச் சட்டப்படி, குறைந்தபட்சக் கூலி கொடுக்கவில்லை என்று வழக்குப் போட்டது. 1956ல் பத்தாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் தீர்ப்பு சொன்னது. சாரம் இதுதான்: ஓய்வால் தொழிலாளிக்கு நன்மை இருக்கலாம். ஆனால் அதனால் உற்பத்தி கூடி முதலாளிக்கும் லாபம் வருகிறது, அவர் ஓய்வைக் கொண்டுவந்ததற்கே அது முக்கியக் காரணம். ஆகவே அதுவும் வேலை நேரமே, கூலி கொடு. 5 முதல் 20 நிமிஷம் வரையிலான ஓய்வை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்பது அந்த நாட்டு விதிகளிலேயே இருக்கிறது.

இன்னொரு சுவாரசியம். 'காப்பி பிரேக்' என்ற வார்த்தையை அமெரிக்கா முழுக்கப் பரப்பியது 1952ல் பான் அமெரிக்கன் காப்பி பீரோ செய்த விளம்பரம். லத்தீன் அமெரிக்க நாடுகளின் காப்பியை விற்பதற்கான அமைப்பு அது. அதாவது ஓய்வு கேட்டது தொழிலாளி, அதுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வியாபாரி :-)

காப்பியும் டீயும் உடம்பில் புதுசா சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேரும், அதுதான் களைப்பைச் சொல்லும் தூதுவன். அது போய் உட்கார வேண்டிய நாற்காலியில் கஃபீன் முதலில் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான். களைப்பு போகாது, கொஞ்ச நேரம் தெரியாது. அதனால்தான் அந்தக் கால் மணி நேரம் தறியை விட்டு நகர்ந்ததும் டம்ளர் அளவுக்கே முக்கியம்னு நினைக்கிறேன்.

நம்ம ஊர்லயும் 1948 தொழிற்சாலைச் சட்டம், அரை மணி இடைவேளை தராமல் தொடர்ந்து 5 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. ஆனால் அந்த அரை மணி வேலை நேரக் கணக்கில் சேராது.

என் சித்தி திருப்பூர்ல பனியன் கம்பெனியில பீஸ் ரேட்டுக்குத் தைச்சவங்க. டீ வரும், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா மெஷினை நிறுத்தினா அந்த நேரத்துக் காசு போச்சு. அதனால டீ மெஷின் பக்கத்துலயே ஆறிக் கிடக்கும். இன்னிக்கும் சித்திக்குச் சூடா டீ கொடுத்தா, "கொஞ்சம் ஆறட்டும்டா" என்பாங்க. பழக்கம்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன்.

மேனேஜருக்கான பதில் இப்ப கையில இருக்கு. அமெரிக்கத் தீர்ப்பு நம்ம ஊர்ல செல்லாதுன்னு தெரியும், ஆனா அதுல இருக்கிற நியாயம் செல்லுமே! மெயில் டிராஃப்ட்லயே கிடக்கு. அப்ரைசல் முடியட்டும்னு ஒரு மனசு, இப்பவே அனுப்புடான்னு ஒரு மனசு.

முதல்ல ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன். பத்து நிமிஷம் கழிச்சுக்கட்டும்.