வேட்டைக்காரரின் சுழல் துப்பாக்கி

நான் வேட்டையாடியவன் அல்லேன். ஆயினும் வரலாறு கற்பித்த ஆசிரியன் என்ற முறையில், கருவிகளின் கதையில் எனக்கு என்றும் ஈடுபாடு உண்டு. படைக்கென்று செய்த ஒரு கருவியை வேட்டைக்காரர் சிலர் திருத்திக்கொண்ட கதையை இன்று கூறுகிறேன்.

1836ஆம் ஆண்டில் சாமுவேல் கோல்ட், தம் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அவர் மறைந்தபின், 1873இல், அவருடைய நிறுவனத்தின் புதிய துப்பாக்கியை அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டது. இதில் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னிழுக்க வேண்டும்; அப்பொழுது உருளை சுழன்று, அடுத்த தோட்டா குழலுக்கு நேரே நிற்கும். சுத்தியை விடுவிப்பதே விசையின் வேலை. ஆதலால் சிறிய அழுத்தமே போதும்; கை அதிகம் அசைவதில்லை. நிதானமாகக் குறிபார்க்கும் வேட்டைக்காரர் இதனை விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால், பின்புறக் குறிகாட்டியாக அதன் மேற்புறத்தில் ஒரு பள்ளமே இருந்தது. அதனை நகர்த்தித் திருத்த வழியில்லை. அருகில் நிற்கும் பகைவனைச் சுட அது போதும், வேட்டைக்குப் போதாது. குறி சற்றே பிழைத்தால், காயமுற்ற விலங்கு காட்டுக்குள் ஓடி நெடுநேரம் துடித்து மடியும். எனவே துல்லியம் என்பது வேட்டைக்காரனுக்குப் பெருமை அன்று, கடமை.

எல்மர் கீத் என்பவர் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வாழ்ந்த வேட்டைக்காரர். 1925 ஜூலை 4 அன்று, விடுதலை நாளைக் கொண்டாட அவர் சுட்டபொழுது, 45 அளவுள்ள அவருடைய கோல்ட் துப்பாக்கியின் உருளை வெடித்துப் பிளந்தது. அவர் துப்பாக்கியைக் கைவிடவில்லை, காரணத்தை ஆராய்ந்தார். ஒரே பருமனுள்ள உருளையில் துளை சிறிதானால், சுற்றுச்சுவர் தடிப்பாகும் அல்லவா? ஆகவே 44 அளவுத் தோட்டாவைத் தேர்ந்தார்.

பின்னர் ஹரால்ட் கிராஃப்ட் என்ற அன்பரின் கருத்துகளையும் தழுவி, ‘எண் 5’ என்ற துப்பாக்கியைச் செய்வித்தார். மேற்புறம் தட்டையாக்கப்பட்டது, நகர்த்தத்தக்க குறிகாட்டி பொருத்தப்பட்டது, இருவகைத் துப்பாக்கிகளின் உறுப்புகளை இணைத்துக் கைப்பிடி அமைக்கப்பட்டது. 1929இல் இதனை அவர் ‘அமெரிக்கன் ரைபிள்மேன்’ இதழில் விவரித்தார். விலங்குக்கேற்ற தோட்டா, தோட்டாவைத் தாங்கும் உருளை, கைக்கிசைந்த பிடி, கண்ணுக்கிசைந்த குறி: தேர்வின் ஒழுங்கு இதுவே. 1955இல் ரூகர் நிறுவனம் வெளியிட்ட ‘பிளாக்ஹாக்’ துப்பாக்கியிலும் தட்டையான மேற்புறமும் நகரும் குறிகாட்டியும் இருந்தன.

எனினும் ஒரு பழங்குறை எஞ்சியது. சுத்தி தோட்டாவின்மீது படிந்திருக்கையில் துப்பாக்கி கீழே விழுந்தால், தானே வெடிக்கக்கூடும். அதனால் அறிந்தோர் ஆறு அறைகளில் ஐந்தையே நிரப்பி, சுத்தியின் கீழுள்ள அறையை வெறுமையாக விட்டனர். 1973இல் ரூகர் நிறுவனம் ஒரு சிறு எஃகுத் தகட்டை இடையில் அமைத்தது. விசையை இழுத்தாலன்றிச் சுத்தியின் அடி தோட்டாவை எட்டாது. நூறாண்டுக் காலம் அந்தத் தகட்டின் வேலையைச் செய்தது, அந்த வெற்று அறைதான். தகடில்லாத பழைய துப்பாக்கிகளில் இன்றும் அதுவே காவல்.